பாதியில் நின்ற தாலாட்டு

அந்த வீட்டை ரெபேக்கா வாடகைக்கு எடுத்ததே பியானோவுக்காகத்தான்.

மெக்சிகோவின் மெரிதா நகரத்தில் மே மாத வெயில் மனிதரை வாசலில் நிற்கவிடாது. மகள் காண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் வில்பெர்த்துக்குப் பின்னால் இருட்டான நடையைத் தாண்டிப் போனாள். கடைசி அறை மட்டும் சில்லென்று இருந்தது. உயரமான கூரை, பூப்போட்ட தரைக்கல், எதிரெதிர்ச் சுவர்களில் தூளி மாட்டும் கொக்கிகள். மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு பழைய பியானோ.

"இதை எடுத்துட்டுப் போயிருவீங்களா, டோன் வில்பெர்த்?" அந்த ஊரில் மரியாதைக்கு ஆணை டோன் என்றும் பெண்ணை டோன்யா என்றும் அழைப்பார்கள்.

"ஆளுங்க வந்து தூக்கிப் பார்த்துட்டாங்க டோன்யா. அந்த நடையில திரும்பவே மாட்டேங்குது. கிடந்துட்டுப் போகட்டும். வாசிப்பீங்களா?"

"ஏதோ, கொஞ்சம்."

"அப்ப வாடகையில அதுவும் சேர்த்தி. கரையான் வந்தா மட்டும் சொல்லுங்க."

கணவன் அபெலார்தோவுக்குக் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. பிப்ரவரியில் அந்த மேடையில் தீப்பிடித்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஆறு வயதுக் காண்டி அந்தத் தீயை டிவியில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அப்பா எரிகிறார் என்பாள். ஆரஞ்சுப் பூக் கஷாயம் கொடுத்தாயிற்று, டாக்டர் தந்த சொட்டு மருந்தும் கொடுத்தாயிற்று. அரைமணி கண்ணயர்வாள், பிறகு அலறிக்கொண்டு எழுவாள். அவள் தூங்காததால் ரெபேக்காவும் தூங்கவில்லை. வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் பொருத்திக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் 'மிச்சம்'.

அது சில பியானோக்காரர்கள் போனில் நடத்திய குழு. யாருக்கும் இசை தொழில் இல்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் டாக்சி ஓட்டுகிறவர், ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. யாரோ எப்போதோ எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன இசைகளைப் பரண்களிலிருந்தும் பழைய கடைகளிலிருந்தும் தேடி எடுப்பார்கள். மீதியைத் தாங்களே எழுதி முடித்து, வீட்டில் வாசித்துப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். பதிவில் நாய் குரைக்கும், குக்கர் கத்தும். யாரும் கண்டுகொள்வதில்லை. நன்றாக வந்தவற்றை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கே கேட்கும்படி இணையத்தில் போடுவார்கள்.

அங்கேதான் அவளுக்கு ஃபெர்மின் சிநேகிதமானான். தூரத்தில், பராகுவே நாட்டு அசுன்சியோனில் மாட்டு வைத்தியன். நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் குரல் கேட்காமல் அவளுக்கு நாள் போகாது.

"மாட்டு வயித்துக்குள்ள கைய விடுற விரலுங்க இது. இதுல இவ்வளவு வருதேன்னு சந்தோஷப்படுங்க" என்பான்.

புது வீட்டுப் பியானோவில் ஒரு கட்டை அமுங்கியே கிடந்தது. சரிசெய்யலாமென்று பியானோவின் முன்பலகையைக் கழற்றினாள். உள்ளே, கம்பிகளுக்கு முன்னால், மடித்த தாள்கள் செருகியிருந்தன. பென்சிலில் எழுதிய இசை. மேலே 'தாலாட்டு' என்று மட்டும் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஒரு வரியின் நடுவில், அது நின்றுபோயிருந்தது. கடைசிச் சுரத்தின் கோடு முடியவில்லை. பென்சில் அங்கிருந்து வழுக்கித் தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

காண்டியின் தூளியை அந்த அறையில்தான் கட்டியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெபேக்கா உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்தாள்.

எளிமையான இசை. தூளி போய்த் திரும்புவதுபோல இரண்டு பக்கமும் சாயும் நடை. இரண்டாம் பக்கம் வந்தபோது திரும்பிப் பார்த்தாள். காண்டியின் இமைகள் தாழ்ந்திருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மூன்றாம் பக்கத்தில் தாள் முடிந்தது. கை நின்றது.

குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"ஏம்மா நிறுத்துனே? அவங்களும் உன்னையே பாக்குறாங்க."

"யாரு கண்ணு?"

"தூளி ஆட்டுறாங்களே, அவங்க."

தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள் ரெபேக்கா. ஆனால் அந்த மூடிய இமைகளை அவளால் மறக்க முடியவில்லை. பல மாதங்களில் முதல்முறையாக மகள் பயமில்லாமல் கண்ணை மூடியிருந்தாள். இந்த இசைக்கு ஒரு முடிவு வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

தாள்களைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். அவளே முடிக்கப் பார்த்தாள். எதை எழுதினாலும் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் ஃபெர்மின் கூப்பிட்டான்.

"முடிச்சிட்டேன்! எப்படின்னு கேக்காதீங்க. காலையில பல் தேய்க்கும்போது தானா வந்துச்சு. யாரோ காதுல சொன்ன மாதிரி."

"உங்க காதுல பசுதான் சொல்லியிருக்கும்."

"சிரிங்க, சிரிங்க. எங்க வீட்லயும் ஒரு ராஜா தூங்காம உயிரை எடுக்கிறான். மூணு வயசு. தூளியில போட்டு ஆட்டி ஆட்டி என் பொண்டாட்டி கையே போச்சு. இன்னிக்கு என் தியோவுக்கு வாசிக்கப் போறேன். நீங்களும் வாசிங்க."

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் வாசித்தாள். போனைப் பியானோ மேல் வைத்துப் பதிவும் செய்தாள். ஃபெர்மினின் வரிகள் பழைய வரிகளோடு தையல் தெரியாமல் சேர்ந்துகொண்டன. கடைசிச் சுரம் அறைக்குள் கரைந்தபோது காண்டி தூங்கிவிட்டிருந்தாள். ஆழமாக, சீராக. ரெபேக்கா பியானோக் கட்டைகளின் மேல் மூடியைப் போட்டு, அதன்மேல் தலையை வைத்து, சத்தம் வராமல் அழுதாள். பிறகு வெறுந்தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

பதிவைக் குழுவில் போட்டபோது ஃபெர்மினுடையது ஏற்கெனவே வந்திருந்தது. தியோவும் தூங்கிவிட்டானாம். ஞாயிறன்று எல்லாருக்கும் போட்டுவிடலாம் என்று நீதிபதி எழுதியிருந்தார்.

மறுநாள் காலையில் காண்டி எழுந்திருக்கவில்லை.

தூங்கட்டும், பாவம், எத்தனை நாள் பாக்கி என்று முதலில் விட்டுவிட்டாள். சோளக் கஞ்சி காய்ச்சினாள். ஆறியது. கூப்பிட்டாள். உள்ளங்காலைக் கிள்ளினாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். அசைவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவளுக்கு உறைத்தது.

க்றீச்... க்றீச்...

கொக்கியில் கயிறு உரசும் சத்தம். காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மின்சாரம் இல்லை, மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

ஓரத்தைப் பிடித்து நிறுத்தினாள். நின்றது. விட்டதும் மறுபடி ஆடியது. இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ நிதானமாக, கோபமில்லாமல், தங்கள் பக்கம் இழுத்தார்கள்.

கற்பூரமும் புளித்த தாய்ப்பாலும் கலந்த வாடை குப்பென்று வந்தது.

மகளை வாரித் தூக்கினாள். தூளியை விட்டு உடம்பு மேலே வந்த கணத்தில் காண்டியின் மூச்சு நின்றது. உதடு நீலமானது. கை கால்கள் துவண்டன. ரெபேக்கா போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. பதறிப்போய் மகளைத் திரும்பத் தூளியிலேயே கிடத்தினாள்.

மூச்சு வந்தது.

தூளி ஆடத் தொடங்கியது.

ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் தூக்கிப் பார்த்தார்கள். அதேதான் நடந்தது. இருவரில் மூத்தவர் குழந்தையை மெல்ல இறக்கிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டரையே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அவர்கள் போன சற்று நேரத்தில் வானம் கறுத்து மழை கொட்டியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். யாரும் திரும்பி வரவில்லை.

போன் அடித்தது. ஃபெர்மின். அவன் பேசுமுன்பே பின்னால் அவன் மனைவி அழும் சத்தம் கேட்டது.

"ரெபேக்கா... உங்க பொண்ணு எழுந்திரிச்சிட்டாளா?"

"இல்ல."

"தியோவ தூளியிலேர்ந்து எடுக்க முடியல. எடுத்தா... எடுத்தா மூச்சு..."

"தெரியும்."

"ஒண்ணு கேக்குறேன். பதிவுல கூடவே முனகுறது நீங்கதானே? ஒரு பொம்பளைக் குரல். உங்க பதிவுலயும் இருக்கு. எப்படியோ என்னோடதுலயும் இருக்கு."

"நான் வாயே திறக்கல ஃபெர்மின்."

மழைச் சத்தத்துக்கு அடியில், அறைக்குள்ளேயே, மெல்லியதாக அந்த முனகல் கேட்டது. தாலாட்டின் மெட்டு. கடைசி வரி முடிந்ததும் முதல் வரி. மறுபடி, மறுபடி.

குழுவில் போட்ட தன் பதிவை அழித்தாள், ஃபெர்மினையும் அழிக்கச் சொன்னாள். ஞாயிறன்று எதையும் போட வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுதினாள். 'மிச்சம்' குழுவில் சின்னக் குழந்தை வைத்திருந்தவர்கள் அவர்கள் இருவர்தான். அதற்காவது கடவுளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது, சொல்ல முடியவில்லை.

பதிவை அழித்தும் தூளி நிற்கவில்லை.

கடலில் இருந்த அபெலார்தோவைப் போனில் பிடிக்க வெகுநேரம் ஆனது. "இந்த மழையில ஹெலிகாப்டரை எடுக்க மாட்டேங்கிறாங்க ரெபே. கால்ல விழுந்து பார்த்துட்டேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. "போனை அவ காதுல வை. என் குரலைக் கேட்டா எழுந்திரிச்சிருவா."

வைத்தாள். "காண்டி, அப்பாடா. என் தங்கம், அப்பா நல்லா இருக்கேன்டா..."

முனகல் உரத்தது. அவன் குரல் குழந்தையின் காதில் விழாதபடி மேலே வந்து மூடிக்கொண்டது.

வில்பெர்த் நனைந்துகொண்டே வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்க வேண்டும். அறை வாசலோடு நின்றுவிட்டார். தூளியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"யாரு அது, டோன் வில்பெர்த்? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"எங்க தாத்தாவோட அக்கா" என்றார் மிகத் தாழ்ந்த குரலில். "ஒர்த்தென்சியா. கைக்குழந்தைக்கு மெட்டுக் கட்டி வாசிச்சிட்டு இருந்தாங்களாம். ஒரு கை பியானோவுல, ஒரு கையில பென்சில். பாதியில திரும்பிப் பார்த்தா குழந்தை மூச்சு நின்னு போச்சு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இருந்தாங்க. தினம் மதியம் வெறும் தூளியை ஆட்டிட்டே இருப்பாங்கன்னு அப்பா சொல்லுவாரு. அவங்க போய் எவ்வளவோ காலமாச்சு டோன்யா. நாங்க இந்த வீட்லயே வளர்ந்தோம். ஒண்ணும் நடந்ததில்ல. சத்தியமா ஒண்ணும் நடந்ததில்ல."

"அப்ப பாட்டு முடியாம இருந்துச்சு" என்றாள் ரெபேக்கா. அவளுக்கே அவள் குரல் அந்நியமாக இருந்தது. "நாங்கதான் முடிச்சு வெச்சோம்."

பிள்ளையைத் தூங்கவைக்கத் தொடங்கி அதைச் செய்து முடிக்க முடியாதவள். இப்போது பாட்டு கிடைத்துவிட்டது. பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள்.

காண்டியின் மார்பு ஏறி இறங்கும் இடைவெளி நீண்டுகொண்டே வந்தது.

ரெபேக்கா போனை எடுத்து மறுபடி ஃபெர்மினைக் கூப்பிட்டாள். "ஃபெர்மின், போனை தியோ காதுகிட்ட வைங்க. சத்தத்தை முழுசா கூட்டிருங்க. என்ன ஆனாலும் கட் பண்ணாதீங்க."

"என்ன செய்யப் போறீங்க?"

"அந்த முடிவை உடைக்கப் போறேன்."

பியானோ முன்னால் உட்கார்ந்தாள். தாளை எடுத்து வைக்கத் தேவையிருக்கவில்லை. முதல் பக்கத்தைத் தொடங்கியதும் முனகல் அவளோடு சேர்ந்துகொண்டது, பழகிய ஜோடிபோல. தூளி அதே தாளத்துக்கு ஆடியது. மூன்றாம் பக்கம். பென்சில் வழுக்கிய இடம்.

அங்கே வேகத்தை மாற்றினாள்.

மெரிதா இருக்கிற யுகத்தான் பகுதியில் எந்த ஊர்த் திருவிழாவிலும் ஹரானா ஆட்டம் உண்டு. பலகை மேடையில் செருப்புக் குதிகால்கள் இடிக்க ஆடுவார்கள். பிணத்தைத் தவிர எல்லாரையும் எழுப்பிவிடும் சத்தம் அது. தாலாட்டுக்கும் ஹரானாவுக்கும் நடை ஒன்றுதான், வேகம்தான் வேறு. அதே மெட்டை எடுத்து ஹரானாவாக அடித்தாள். இடது கை இடித்தது, வலது கை துள்ளியது. காலால் தரைக்கல்லை உதைத்தாள்.

முனகல் நின்றது.

அறை குளிர்ந்தது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் மணிக்கட்டின் மேல் வந்து அமர்ந்தன. ஈரமாக, ஐஸ்போல இருந்தன. அதட்டவில்லை, சின்னப் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பதுபோல வேகத்தைக் குறைக்கும்படி அழுத்தின.

காதருகே மூச்சுப் பட்டது.

"மெதுவா... குழந்தை தூங்குது."

அந்தக் குரலில் கெட்டது எதுவும் இல்லை. தூக்கம் கெட்ட ஒரு தாயின் குரல். இத்தனை மாதம் அவளே பேசிய குரல். ஒரு கணம், ஒரே கணம், அவள் மனம் இளகியது. விரல்களும் தளர்ந்தன.

தூளிப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றது.

"அது என் குழந்தை!" என்று கத்தினாள். "உங்களுது இல்ல! உங்களுது போயிருச்சு, அம்மா! போயிருச்சு!"

மணிக்கட்டு முறிந்துவிடும்போல வலித்தது. நகம் பெயர்ந்து வெள்ளைக் கட்டைகளில் ரத்தம் வழிந்தது. விடவில்லை. போனிலிருந்து ஃபெர்மின் கத்துவது கேட்டது: "நிறுத்தாதீங்க! கை அசைக்கிறான்! நிறுத்தாதீங்க!" வாசலில் நின்ற வில்பெர்த் அழுதுகொண்டே ஈரச் செருப்பால் தரையை இடித்துத் தாளம் போட்டார்.

பின்னால் ஒரு விசும்பல் எழுந்தது. அது அழுகையாகி, கூரை வரை ஏறி, கம்பிகளெல்லாம் ஒருசேர அதிரும் ஓலமானது.

பட்டென்று கயிறு அறுந்தது.

பொத்தென்று ஏதோ தரையில் விழுந்தது. அடுத்த நொடி, முட்டியில் அடிபட்ட ஆறு வயதுப் பெண்ணின் அழுகை வீட்டை நிறைத்தது. அதைவிட இனிமையான சத்தத்தை ரெபேக்கா அன்றுவரை கேட்டதில்லை. போனிலும் ஒரு பையன் வீறிட்டு அழுதான். அவன் அம்மா அழுதாள். ஃபெர்மினும் அழுதான்.

இருட்டும் முன்பே கிளம்பிவிட்டார்கள். வில்பெர்த்தின் பழைய டிரக்கில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. சாமான்களைப் பிறகு அவரே அனுப்பிவைத்தார். முன்பணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தார். ரெபேக்கா அதற்குப் பிறகு பியானோ தொடவில்லை. அபெலார்தோ கரையில் ஒரு வேலை தேடிக்கொண்டான். கடலோரத்தில் சின்ன வீடு, புதிதாகக் கட்டியது, யாரும் இதுவரை வாழ்ந்திராதது. காண்டி இரவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள், காலையில் பள்ளி வண்டிச் சத்தத்துக்கு எழுந்தாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு மதியம் ஃபெர்மின் வீடியோவில் கூப்பிட்டான். முகத்தைப் பார்த்துப் பேசுவது அதுதான் முதல்முறை. அவள் நினைத்ததைவிடக் குண்டாக, நினைத்ததைவிட வயதானவனாக இருந்தான். இருவரும் சிரித்தார்கள்.

"இதான் நம்ம ராஜா" என்று மகனைத் தூக்கி மடியில் வைத்தான். ரெபேக்காவும் காண்டியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"தியோவுக்கு ஹலோ சொல்லு கண்ணு."

காண்டி ஹலோ சொல்லவில்லை. பழகினவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். தியோவும் அப்படித்தான் பார்த்தான்.

"தூளி ஆட்டுறவங்க வீட்டுக் கதவச் சாத்திட்டுதானே வந்தே?" என்று கேட்டாள் காண்டி.

பையன் தலையை ஆட்டி மறுத்தான்.

"நான் இல்ல. நீதானே கடைசியா வந்தே."

ஃபெர்மினின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன கதவு?" என்று ரெபேக்கா கேட்க வாயெடுத்தாள்.

இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகத் திரும்பி, தங்களுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தார்கள்.